கூண்டை எதில் கட்டினீர்கள்?

விலங்கு பிடிக்கும் பிரிவில் புதிதாகச் சேர்ந்த நீங்கள் ஏழு பேரும் உபகரண அறையை முதன்முதலாகச் சுற்றிப் பார்த்த அன்று நானும் ஓரமாக நின்றிருந்தேன். ஓய்வு பெற்றவனை ஆபீசில் கூப்பிட்டு, புதியவர்களுக்கு நாலு வார்த்தை சொல்லுங்கள் என்றார்கள். உங்களில் ஒரு பெண், மூலையில் கிடந்த சங்கிலிகளையும் இரும்பு முளைகளையும் காட்டி, "இதெல்லாம் எதுக்குங்க? கூண்டே ரெண்டு ஆள் தூக்குற கனம் இருக்குது. வச்ச எடத்த விட்டு அது எங்க போயிடப் போவுது?" என்று கேட்டார். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. நான் வைத்த கூண்டு ஒன்று, உள்ளே குரங்கோடு, ஜெனரல் ஷிப்ட் பஸ்ஸில் சுரங்க வாசல் வரைக்கும் போயிருக்கிறது.

அன்றைக்கு நாலு வார்த்தையில் அதைச் சொல்ல முடியவில்லை. அதனால்தான் எழுதித் தருகிறேன். அறிக்கை எழுதிப் பழகிய கை இது. பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் என்னைப் பற்றி ஒரு உண்மை. நான் நெய்வேலியை ஒட்டிய வடக்குத்து கிராமத்துக்காரன். டவுன்ஷிப் சுகாதாரப் பிரிவில் கான்ட்ராக்டில் சேர்ந்து, பிறகு பெர்மனன்ட் ஆனவன். ஒருநாள் சாக்கடைக் குழியிலிருந்து ஆளுயர நாகம் ஒன்று எழுந்தது. உடனிருந்த ஐந்து பேரும் ஓடினார்கள். நான் அசையாமல் நின்றேன். அதைப் பார்த்த அதிகாரி, 'பதற்றமில்லாதவர்' என்று எழுதி என்னை விலங்கு பிடிக்கும் பிரிவுக்கு மாற்றிவிட்டார். என் ரப்பர் பூட்ஸ் இரண்டும் சேற்றில் புதைந்திருந்ததை அவர் பார்க்கவில்லை. நானும் சொல்லவில்லை.

அந்தப் பிரிவில் அப்போது மூன்றே பேர். கால்நடை மருத்துவர் ஒருவர், திருநெல்வேலிப் பக்கத்து அம்மாள். நாங்கள் டாக்டரம்மா என்போம். அடுத்து செல்வராசு, ஜீப் ஓட்டுவான், கூண்டின் மறுபக்கத்தைத் தூக்குவான். மூன்றாவது நான்.

குரங்குத் தொல்லை இருந்த பிளாக்கின் எண்ணைச் சொல்ல மாட்டேன். அங்கே இன்னும் அதே ஆட்கள் குடியிருக்கிறார்கள், கடைத்தெருவில் பார்த்தால் முகத்தைத் திருப்பிக்கொள்வார்கள். பதினைந்து இருபது குரங்குகள் கொண்ட கூட்டம். அதன் தலைவன் ஒரு பெரிய கடுவன். காலை ஏழு மணி வாக்கில் தண்ணீர்த் தொட்டியிலிருந்து இறங்குவான். ஒவ்வொரு குவார்ட்டர்ஸ் சமையலறை ஜன்னலிலும் நின்று, உள்ளே எட்டிப் பார்த்து, அடுத்த ஜன்னலுக்குப் போவான். வேலை ஒழுங்காக நடக்கிறதா என்று பார்க்கிறவன் மாதிரியே இருக்கும். அதனால் அவனுக்கு ஷிப்ட் இன்சார்ஜ் என்று பெயர் வைத்தார்கள். கூப்பிடக் கூப்பிட அது இன்சார்ஜ் என்று சுருங்கிவிட்டது.

அதே பிளாக்கில் நிஜமான ஷிப்ட் இன்சார்ஜ் ஒருவரும் இருந்தார். பக்கத்து வீட்டு அம்மாள் யாரிடமோ போனில், "இன்சார்ஜ் நேத்து பூந்து எங்க பெட்ரூம் வரைக்கும் வந்துட்டாரு" என்று சொல்லிக்கொண்டிருந்தது அவருடைய மனைவி காதில் அரைகுறையாக விழுந்ததாம். இரண்டு நாள் அந்த வீட்டில் பேச்சுவார்த்தை இல்லை.

விஷயம் வேடிக்கையோடு நிற்கவில்லை. தட்டைப் பிடுங்கும்போது இன்சார்ஜ் ஒரு பெண்மணியின் முழங்கையில் கடித்துவிட்டான். தையல் போட்டு, ஊசியும் போட்டார்கள். அன்றைக்குச் சாயங்காலம் டாக்டரம்மா எங்களைக் கூப்பிட்டார்.

"அந்த பிளாக்ல ஒருத்தர் எங்கிட்ட வந்து, வாழப்பழத்துல எலிமருந்து வச்சா எத்தன நாள்ல சாவும்னு கேக்காரு. வெளையாட்டுக்குக் கேக்கல. வனத்துறை அனுமதி வந்துட்டு. சீக்கிரம் பிடிக்கணும். நாம பிடிக்கலன்னா அவங்க கொன்னுருவாங்க."

அந்த மனிதர் யார் என்று எங்களுக்குத் தெரியும். நல்ல மனிதர்தான். கடிபட்டது அவருடைய மனைவி.

முதல் நாள் கூண்டை ஒரு வீட்டின் கொல்லையில் வைத்தோம். உங்களில் அந்தப் பெண் கேட்டதைத்தான் நானும் அன்றைக்கு நினைத்தேன். இரண்டு ஆள் தூக்குகிற கனம், எங்கே போகப் போகிறது? சங்கிலியை ஜீப்பிலேயே விட்டுவிட்டேன். உள்ளே வேர்க்கடலையும் பழமும் போட்டு, தள்ளி நின்று பார்த்தோம். இன்சார்ஜ் வரவில்லை, மதில் மேல் உட்கார்ந்துகொண்டான். ஒரு இளவட்டம்தான் நுழைந்தது. கதவு விழுந்தது. அது கத்திய கத்தலில் மொத்தக் கூட்டமும் இறங்கி வந்து கூண்டைப் பிடித்து ஆட்டியது. அந்தக் கொல்லை சாக்கடையை நோக்கிச் சரிவானது என்பதை அப்போதுதான் கவனித்தேன். கூண்டு ஒருமுறை புரண்டது. இன்னொரு முறை புரண்டது. பிறகு அதற்கே ருசி கண்டுவிட்டது போல நிற்காமல் புரண்டு போய்ச் சாக்கடையில் விழுந்து, கதவு திறந்து, இளவட்டம் வெளியே வந்து, கையிலிருந்த பழத்தைத் தின்றுகொண்டே மதில் ஏறியது. இன்சார்ஜ் நகர்ந்து இடம் கொடுத்தான்.

"கூண்ட எதுல கட்டினீங்க?" என்று டாக்டரம்மா கேட்டார்.

"எதுலயும் கட்டலம்மா."

அவர் நோட்டில் ஒரு வரி எழுதிக்கொண்டார். அவர் திட்டியிருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும்.

மறுநாள் சங்கிலி, நான்கு இரும்பு முளை, சம்மட்டி எல்லாம் எடுத்துக்கொண்டு போனோம். சாக்கடை இல்லாத சமதளமான கொல்லையாகப் பார்த்தேன். நெய்வேலி மண் மேலே இளகலாக இருக்கும். முளை ஆழமாக இறங்கினால்தான் பிடிக்கும். மூன்று முளை நன்றாக இறங்கியது. நான்காவது முளையில் செல்வராசு ஓங்கி ஓங்கி அடித்தான். ஓரிடத்தில் டங்கென்று சத்தம் கேட்டது.

"கல்லுங்க," என்றான்.

"கல்லா இருந்தா ரெண்டா போவட்டும். அடி," என்றேன்.

அடித்தான். மண்ணுக்குள்ளிருந்து தண்ணீர் தென்னை உயரத்துக்குப் பீய்ச்சியது.

குழாய் உடைந்த செய்தி அந்தத் தெருவில் பரவிய வேகத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். அந்த வீட்டம்மாள் கதவைத் திறந்து வந்து நனைந்துகொண்டே நின்று பார்த்தார். உள்ளே போனார். குடத்தோடு திரும்பி வந்தார். ஐந்து நிமிடத்தில் அக்கம்பக்கத்து வீடுகளிலிருந்து குடம், அண்டா, குழந்தை குளிக்கும் டப் எல்லாம் வந்து வரிசை கட்டின. ஒரு பெரியவர் வரிசையை ஒழுங்குபடுத்தினார். இரண்டு குரங்குகள் மதில் மேல் வாயைத் திறந்து வைத்துக்கொண்டு நின்றன. இன்சார்ஜ் ஒரு குடத்திலிருந்து இரண்டு கையாலும் அள்ளிக் குடித்துவிட்டு மேலே ஏறிப் போனான். தண்ணீர்ப் பிரிவு ஆட்கள் வந்து வால்வை மூடினார்கள். அதன் பிறகு இரண்டு நாள் அந்தத் தெருவுக்கே தண்ணீர் இல்லை.

"எதுல கட்டினீங்க?"

"மண்ணுலம்மா."

"மண்ணுக்குள்ள என்ன இருக்குன்னு யாருட்டயாவது கேட்டீங்களா?"

"இல்லம்மா."

மறுபடி நோட்டில் ஒரு வரி. "இனிமே நான் சொல்லாம மண்ணுல இரும்பு எறக்கக் கூடாது. கெட்டியான ஒண்ணாப் பாத்து அதுல கட்டுங்க."

தம்பி தங்கைகளே, இந்த இடத்தில்தான் என் புத்தி வேலை செய்தது. செய்யாமலிருந்திருக்கலாம். கெட்டியான ஒன்று என்று அவர் சொன்னதும் எனக்கு நினைவுக்கு வந்தது அந்தப் பஸ்.

பிளாக்கின் கோடியில், பஸ் ஷெட்டின் பின்புற வேலிக்கு வெளியே, தூங்குமூஞ்சி மரத்தடியில் ஒரு பழைய ஷிப்ட் பஸ் நின்றிருந்தது. எவ்வளவு காலமாக என்று யாருக்கும் தெரியாது. சக்கரத்தைச் சுற்றிப் புல். கண்ணாடியில் சருகு. மரக்கிளைகள் கூரையில் படுத்துக் கிடந்தன. மத்தியான வெயிலில் குரங்குக் கூட்டம் அந்தக் கூரையில்தான் இளைப்பாறும். கூண்டை அங்கேயே வைத்தால் அவை நம்மைத் தேடி வந்த மாதிரி ஆகும். கூரையில் சாமான் வைக்கிற கம்பிச் சட்டமும் இருந்தது, சங்கிலி கட்ட வசதியாக. டவுன்ஷிப் முழுவதும் தேடினாலும் அதைவிட அசையாத பொருள் கிடைக்காது என்று எனக்குத் தோன்றியது. செல்வராசுக்கும் தோன்றியது. அவனையும் சேர்த்துச் சொல்வதில் எனக்கு ஒரு ஆறுதல்.

கூண்டைக் கயிறு கட்டி மேலே ஏற்றினோம். சங்கிலியைச் சட்டத்தில் இரண்டு சுற்று சுற்றிப் பூட்டினேன். சாவி தொலைந்துவிடக் கூடாதே என்று, அதையும் சணலில் கோத்துக் கூண்டின் கம்பியிலேயே கட்டினேன். ஒரு நாள் முழுக்கக் கதவைத் திறந்த நிலையில் கட்டிவைத்துத் தீனி மட்டும் போட்டோம். பழகட்டும் என்று. பழகின.

அடுத்த நாள் காலை கதவுக் கட்டை அவிழ்த்துவிட்டு, கொஞ்ச தூரத்தில் ஒரு மறைவில் நின்றேன். இன்சார்ஜ் வந்தான். கூண்டைச் சுற்றினான். ஜன்னலில் எட்டிப் பார்ப்பது போலவே உள்ளே எட்டிப் பார்த்தான். நுழைந்தான். கதவு விழுந்தது. கூண்டு ஆடியது, சங்கிலி இழுபட்டது, ஆனால் பிடித்துக்கொண்டது. மற்ற குரங்குகள் மரத்துக்குத் தாவி ஏறிக் கத்தின.

இறக்க இரண்டு ஆள் வேண்டும். மூடுவதற்குத் துணி வேண்டும். செல்வராசு ஜீப்போடு டீக்கடையில் இருந்தான், போனில் கூப்பிட்டால் எடுக்கவில்லை. கூண்டைவிட்டு நகரக் கூடாது என்பது எனக்குத் தெரியாததல்ல. ஆனால் பூட்டியிருக்கிறது, சங்கிலி இருக்கிறது, பஸ் இருக்கிறது, பத்து நிமிடம்தானே என்று என் டிவிஎஸ்ஸை எடுத்துக்கொண்டு டீக்கடைக்குப் போனேன்.

திரும்பி வந்தபோது மரம் இருந்தது. கிளைகள் இன்னும் ஆடிக்கொண்டிருந்தன. புல்லில் நீளமாக இரண்டு சக்கரத் தடம் தெரிந்தது. பஸ் இல்லை.

அன்றைக்கு ஓட வேண்டிய வண்டி ஒன்று கிளம்பாமல் படுத்துவிட்டது. இந்தப் பழைய பஸ்ஸை ஷெட்டு ஆட்கள் ஒரு வாரமாக உள்ளே குனிந்து குனிந்து சரிபார்த்து வைத்திருந்தார்கள். நாங்கள் மேலே இருந்த நேரம் அவர்கள் இல்லை, அவர்கள் கீழே இருந்த நேரம் நாங்கள் இல்லை. அவர்களும் எங்களிடம் சொல்லவில்லை, நாங்களும் அவர்களிடம் சொல்லவில்லை. காடாம்புலியூர் கலியமூர்த்தி என்ற டிரைவர் வந்து, கிளைகளை விலக்கிக்கொண்டு ஏறி, சாவியைத் திருகி, முதல் திருகலிலேயே வண்டி கிளம்பிய சந்தோஷத்தில் மேலே பார்க்காமல் ஓட்டிக்கொண்டு போய்விட்டார்.

அன்றைய பயணத்தைப் பற்றிக் கலியமூர்த்தி எனக்குப் பிறகு சொன்னதுதான் இது. முதல் நிறுத்தத்தில் ஏறியவர்கள் எல்லாரும் சிரித்துக்கொண்டே ஏறினார்கள். இரண்டாவது நிறுத்தத்தில் ஒருவர் கும்பிட்டார். ரொம்ப நாளைக்குப் பிறகு பழைய பஸ் ஓடுவதில் ஜனங்களுக்கு இவ்வளவு மகிழ்ச்சியா என்று இவருக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. பதிலுக்குக் கையசைத்துக்கொண்டே போயிருக்கிறார். கண்ணாடியில் பார்த்தால், பின்னால் சாலையோர மரங்களில் பதினைந்து குரங்குகள் தாவித் தாவி வந்துகொண்டிருக்கின்றன.

"நான் ஆக்ஸிலேட்டர மெரிச்சிகினே போறேன், அதுங்களும் வந்துகினே இருக்குதுங்க. என் ஜாதகத்துல ஏதோ கோளாறுன்னு நெனச்சிகினேன்," என்றார்.

ரவுண்டானாவுக்கு அந்தப் பக்கம் மரம் இல்லை. குரங்குகள் அங்கேயே நின்றுவிட்டன.

செல்வராசை ஜீப்போடு டாக்டரம்மாவிடம் போகச் சொல்லிவிட்டு, நான் டிவிஎஸ்ஸில் விரட்டினேன். போகும் வழியில் ஒருவர் கேட்காமலே கையை நீட்டி வழி காட்டினார். சுரங்க வாசலை நான் அடைந்தபோது பஸ்ஸை நிறுத்திவிட்டு, வாயிற்காவலர் ஒருவர் ரிஜிஸ்டரைத் திறந்து கலியமூர்த்தியிடம் கணக்குக் கேட்டுக்கொண்டிருந்தார்.

"உள்ள ஆள் எத்தினி?"

"அம்பத்தி ரெண்டுங்க."

"மேல?"

"மேல யாரும் இல்லீங்களே."

"மேல ஒருத்தர் குந்திகினு இருக்காரு. அவருக்குப் பாஸ் இருக்குதா?"

கலியமூர்த்தி இறங்கி வந்து நிமிர்ந்து பார்த்தார். இன்சார்ஜ் குனிந்து பார்த்தான்.

அதுவரை வேடிக்கை. அதற்கு மேல் இல்லை. பஸ்ஸிலிருந்து இறங்கியவர்கள், மற்ற பஸ்களில் வந்தவர்கள், சைக்கிளில் வந்தவர்கள் எல்லாரும் கூடிவிட்டார்கள். செல்போன்கள் உயர்ந்தன. யாரோ பிஸ்கெட் வீசினார்கள். பின்னால் நின்ற பஸ் ஹாரன் அடித்தது. இன்சார்ஜ் பல்லைக் காட்டிக் கூண்டின் ஒரு பக்கத்தில் மோதினான், உடனே எதிர்ப்பக்கத்தில் மோதினான். கூண்டு ஒவ்வொரு மோதலுக்கும் கூரை விளிம்பை நோக்கி நகர்ந்தது. சங்கிலி அறவில்லை. சங்கிலி கட்டியிருந்த கம்பிச் சட்டம்தான் துருப்பிடித்து, அதன் ஒரு கால் கூரையிலிருந்து பிய்ந்து வந்துகொண்டிருந்தது. கட்டுவதற்கு முன் அதை நான் ஒருமுறைகூட அசைத்துப் பார்த்திருக்கவில்லை. சட்டம் பிய்ந்தால் கூண்டும் குரங்கும் கூட்டத்தின் தலையில் விழும்.

பஸ்ஸின் ஏணியில் ஏறிக் கூண்டின் மேல் என் உடம்பைச் சாய்த்துக்கொண்டேன். போனில் டாக்டரம்மா கிடைத்தார்.

"கூண்டு எங்க இருக்கு?"

"மைன்ஸ் கேட்டாண்ட இருக்குதும்மா."

"அங்க எதுக்குக் கொண்டு போனீங்க?"

"நான் கொண்டு போவலம்மா. அதுவா போயிடுச்சி."

"எதுல கட்டினீங்க?"

"பஸ்ஸுல."

லைன் போய்விட்டதோ என்று போனைப் பார்த்தேன். போகவில்லை.

"சரி. கேளுங்க," என்றார், நிதானமாக. "அவன் உங்களப் பாத்து மோதல. கூட்டத்தப் பாத்துதான் மோதுதான். மொதல்ல கூட்டத்த அனுப்புங்க. அப்புறம் கூண்ட மூடுங்க. அதுக்கப்புறம்தான் மத்ததெல்லாம். நான் கெளம்பிட்டேன்."

கூட்டத்தை அனுப்பு என்பது சொல்லச் சுலபம். கத்தினால் குரங்கு இன்னும் மிரளும். கத்தினாலும் யார் போவார்கள்? குனிந்து காவலரைக் கூப்பிட்டு, ஒரே ஒரு ஆளிடம் மட்டும் மெதுவாக ஒன்று சொல்லச் சொன்னேன். அவர் போய் அதை அப்படியே ஒருவர் காதில் சொன்னார்.

"பஞ்சிங் மூடப் போறாங்களாம்."

வருகைப் பதிவு தவறிவிடும் என்ற பயத்தில் கூட்டம் கலைய ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. வாசலில் நான்கு செருப்பும் ஒரு டிபன் பாக்ஸும்தான் மிஞ்சின.

கலியமூர்த்தியின் சீட்டுக்குப் பின்னாலிருந்த போர்வையை வாங்கிக் கூண்டை மூடினேன். உள்ளே மோதல் குறைந்தது. பிறகு நின்றது. இருட்டில் அவன் மூச்சு விடும் சத்தம் மட்டும் என் காதுக்குப் பக்கத்தில் கேட்டது. எனக்கும் அப்படித்தான் மூச்சு வாங்கிக்கொண்டிருந்தது.

இனிப் பூட்டைத் திறந்து இறக்க வேண்டியதுதான். சாவிக்காகக் கம்பியைத் தடவினேன். சணல் இருந்தது. சாவி இல்லை.

போர்வையின் ஓரத்தைத் தூக்கிப் பார்த்தேன். குரங்குகளுக்குக் கன்னத்தில் பை உண்டு என்பதை உங்களுக்குப் பயிற்சியில் சொல்லியிருப்பார்கள். கிடைத்ததை அதில் அடக்கிவைத்துக்கொண்டு பிறகு நிதானமாகத் தின்னும். இன்சார்ஜின் இடது கன்னம் நீளவாக்கில் புடைத்திருந்தது. சாவியின் வடிவம் நன்றாகவே தெரிந்தது.

இதற்குள் பட்டறையிலிருந்து இரண்டு ஃபிட்டர்கள் வந்துவிட்டார்கள். மலையையே அறுத்துப் போடுகிற இயந்திரங்களைப் பராமரிக்கிறவர்கள். கேஸ் கட்டர் கொண்டுவருகிறோம், ஒரு நிமிட வேலை என்றார்கள். கிரேன் வைத்துக் கூரையோடு தூக்கிவிடலாம் என்றார் ஒருவர். நெருப்பையும் குரங்கையும் ஒன்றாக நினைத்துப் பார்த்தேன். வேண்டாம் என்றேன். அன்றைக்குக் காலையில் நான் எடுத்த முதல் நல்ல முடிவு அது.

டாக்டரம்மா ஜீப்பில் வந்து இறங்கினார். செல்வராசு அவர் பின்னால் ஒளிந்த மாதிரி நின்றான். நான் சாவி இருக்கும் இடத்தைச் சொன்னேன். அவர் முகத்தில் ஒரு தசைகூட அசையவில்லை.

"அவன் துப்பணும்னா அதவிட நல்லதா ஒண்ணு காட்டணும். யாருட்டயாவது என்ன இருக்கு?"

கடலை இருந்தது. கொடுத்தோம். சாவிக்கு மேலேயே அடைத்துக்கொண்டான். வாழைப்பழமும் அப்படியே போனது. கன்னம் இன்னும் பெருத்தது. அப்போது கலியமூர்த்தி தயங்கித் தயங்கிச் சொன்னார்.

"சீட்டாண்ட ஒரு பலாப்பழம் இருக்குதுங்க. எங்க வூட்டு மரத்துது. சம்பந்தி வூட்டுக்குக் கொண்டு போறதுக்கு வச்சிருந்தன்."

பண்ருட்டிப் பக்கத்துப் பலா. வெட்டியதும் வாசல் முழுக்க மணத்தது. போர்வைக்குள் அசைவு தெரிந்தது. டாக்டரம்மா ஏணியில் ஏறி, பெரிய சுளை ஒன்றைக் கம்பியருகே காட்டினார். இன்சார்ஜ் கையை நீட்டினான். அவர் கொடுக்கவில்லை. இன்னொரு சுளையையும் சேர்த்துக் காட்டினார். அவன் ஒரு கணம் யோசித்தான். வாய்க்குள் கையை விட்டுக் கடலையை எடுத்துப் போட்டான். பழத்தை எடுத்துப் போட்டான். கடைசியில் சாவியை எடுத்து, திருப்பித் திருப்பிப் பார்த்து, இதை எதற்கு இவ்வளவு நேரம் வைத்திருந்தோம் என்பது போலக் கீழே போட்டான். நான் அதைத் துடைக்காமல்கூட எடுத்துப் பூட்டைத் திறந்தேன்.

கயிறு கட்டி, ஃபிட்டர்கள் கைகொடுக்க, கூண்டைப் போர்வையோடு இறக்கி ஜீப்பில் ஏற்றினோம். கால்நடை மருத்துவமனையில் பரிசோதித்துவிட்டு, காயம் ஒன்றும் இல்லை, கொஞ்சம் மூக்கில் சிராய்ப்பு, வயிறு நிறைந்திருக்கிறது என்றார் டாக்டரம்மா.

கையைக் கட்டிக்கொண்டு அவர் முன்னால் நின்றேன். என்னைத் திரும்பச் சுகாதாரப் பிரிவுக்கே அனுப்பிவிடுவார் என்பது எனக்கு உறுதியாகத் தெரிந்தது. நானே முந்திக்கொண்டு சொன்னேன்.

"நான் பழைய எடத்துக்கே போயிடறம்மா."

அவர் நோட்டைத் திறந்து என் பக்கம் திருப்பினார். இரண்டு வரி இருந்தது. மூன்றாவது வரியை என் முன்னாலேயே எழுதினார். கட்டாமல் விட்டது. மண்ணைக் கேட்காமல் அடித்தது. வண்டிக்காரரைக் கேட்காமல் கட்டியது. கொஞ்சம் யோசித்து, சாவி என்று நான்காவதாக எழுதினார்.

"நாலும் வேற வேற தப்பு," என்றார். "ஒரே தப்ப நாலு தடவ பண்ணியிருந்தா இப்பவே அனுப்பியிருப்பேன். புதுசா ஒருத்தர எடுத்தா அவரு இந்த நாலையும் மொதல்லேருந்து பண்ணுவாரு. எனக்கு அதுக்கெல்லாம் தெம்பு இல்ல. நாளைக்கு வாங்க."

மறுநாள் தண்ணீர்ப் பிரிவுக்குப் போய்க் குழாய் வரைபடத்தைக் கேட்டேன். பத்து நிமிடத்தில் நகல் எடுத்துக் கொடுத்தார்கள். அதை விரித்துவைத்து, குழாயும் கேபிளும் இல்லாத இடத்தில் முளை இறக்கினோம். இறக்கும் முன் அந்த வீட்டம்மாளிடம் சொன்னோம். இந்தத் தடவையும் தண்ணீர் வருமா என்று அவர் ஆவலாகக் கேட்டார். மீதிக் கூட்டத்தைப் பிடிக்க இரண்டு வாரம் ஆனது. தலைவனை மட்டும் கொண்டுபோய் விட்டால் கூட்டம் சிதறிவிடும் என்று அதுவரை அவனை மருத்துவமனைக் கொட்டிலில் வைத்திருந்தோம். எலிமருந்து பற்றிக் கேட்ட மனிதர் ஒருநாள் அவனைப் பார்க்க வந்தார். வெகுநேரம் நின்றார். போகும்போது பையிலிருந்து ஒரு சீப்பு வாழைப்பழம் எடுத்து டாக்டரம்மாவிடம் கொடுத்து, "நீங்களே பாத்துட்டுக் குடுங்கம்மா, சுத்தமான பழந்தான்," என்றார்.

உங்களுக்கு நான் சொல்ல வேண்டியது இவ்வளவுதான். விலங்கைப் பிடிக்கக் கற்றுக்கொடுக்க நிறையப் பேர் இருக்கிறார்கள். சங்கிலியின் ஒரு முனையில் விலங்கு இருக்கும், அதை எல்லாரும் பார்ப்பார்கள். மறு முனையைப் பார்ப்பதுதான் உங்கள் வேலை. அதைக் கையால் பிடித்து அசைத்துப் பாருங்கள். அது யாருடையது என்று கேளுங்கள். அசையாத பொருள் என்று நாம் நினைப்பதெல்லாம் அன்றைக்கு வரை யாரும் அசைக்காத பொருள்தான்.

கடைசியாக அவனைப் பற்றிச் சொல்லி முடித்துவிடுகிறேன். வனத்துறை காட்டிய மலைக்காட்டுக்கு எல்லாக் கூண்டுகளையும் வண்டிகளில் ஏற்றிக்கொண்டு போனோம். பெண் குரங்குகளையும் குட்டிகளையும் முதலில் திறந்துவிட்டோம். அவை ஓடி மரம் ஏறின. இன்சார்ஜின் கதவைக் கடைசியாகத் திறந்தேன். வெளியே வந்தான். காட்டைப் பார்த்தான். எங்களைப் பார்த்தான். நேராக நடந்து வந்து எங்கள் ஜீப்பின் மேல் தாவி ஏறி, முன்பக்கம் பார்த்து உட்கார்ந்துகொண்டான்.

"போவலாம்னு குந்திகினு இருக்காருங்க," என்றான் செல்வராசு.

"வண்டிச் சாவிய எங்கிட்ட கொடுங்க," என்றார் டாக்டரம்மா. வாங்கிக் கைப்பைக்குள் போட்டு ஜிப்பை இழுத்து மூடினார்.

ஒரு பாறை மேல் உட்கார்ந்து தயிர்சாதம் சாப்பிட்டோம். யாரும் விரட்டவில்லை, கல்லெடுக்கவில்லை. வெயில் ஏறியது. ஜீப்பின் தகரம் சுட்டிருக்க வேண்டும், அவன் மாற்றி மாற்றி உட்கார்ந்தான். வெகுநேரம் கழித்துக் காட்டுக்குள்ளிருந்து ஒரு குட்டி கத்தியது. இன்சார்ஜ் எழுந்து நின்று கேட்டான். இறங்கினான். அவசரமே இல்லாமல் நடந்து மரங்களுக்குள் போனான்.

செல்வராசு எழுந்து கையை நீட்டினான். டாக்டரம்மா சாவியை எடுக்கவில்லை.

"இன்னும் கொஞ்ச நேரம் இருப்போம்," என்றார்.

இருந்தோம்.